பழகாத மட்டை



கோல்ஃப் விளையாட்டில், பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் மட்டைக்குப் பட்டர் என்று பெயர். பிள்ளைகளே, ரொட்டியில் தடவுகிற பட்டர் அல்ல! வழக்கமான மட்டை சுமார் 35 அங்குல நீளமிருக்கும்.

ஜெர்மனியைச் சேர்ந்த பெர்ன்ஹார்ட் லாங்கர் 1985லும் 1993லும் மாஸ்டர்ஸ் பட்டம் வென்றவர். ஆனாலும், கிட்டத்தில் இருக்கும் பந்தைத் தட்டும்போது அவருடைய கைகள் தாமாகவே துடித்துவிடும். ஆகவே நெஞ்சளவு உயரமான நீண்ட மட்டைக்கு மாறினார். மேல்நுனியைப் பிடித்த கையை நெஞ்சில் ஊன்றி, மறுகையால் அதைக் கடிகார ஊசல்போல் ஆட்டினார்.

2016 ஜனவரி 1 முதல், மட்டையை அப்படி உடம்பில் ஊன்றி அடிக்கக்கூடாது என்று விதி வந்தது. நீண்ட மட்டைக்குத் தடையில்லை. அதற்கு இருந்த பிடிமானம்தான் போயிற்று. அவர் மட்டையை எறிந்துவிடவில்லை. கையை நெஞ்சிலிருந்து சற்றே விலக்கிப் பிடித்துப் பழகினார். 2023இல், தமது 65ஆம் வயதில், அமெரிக்க சீனியர் ஓப்பன் பட்டத்தை வென்றார்.

பழகாத மட்டையைப் பிடித்த முதல் நாளில் பந்து குழியைத் தாண்டி ஓடும், அல்லது பாதியிலே நின்றுவிடும். உடனே மட்டையைக் குறை சொல்லாதிருங்கள். ஒரு மீட்டர் தூரத்தில் தொடங்குங்கள். எவ்வளவு மெதுவாகத் தட்டவேண்டும் என்பது கைக்குத் தெரிந்தபின் தூரத்தைக் கூட்டுங்கள்.

பிள்ளைகளே, புதிய பள்ளியானாலும் புதிய மொழியானாலும் அப்படியே பழகுங்கள். பெரியோரே, அவர்கள் பழகும்வரை நாம் அவசரப்படுத்தாமல் கூட நிற்போம்.