மூணு மிளகாயும் ஒரு சட்னியும்

எனக்கு மேடைப் பேச்சு பழக்கமில்லை. தெரிந்தது மிளகாய்ச் சட்னிதான். அதையே சொல்லிவிட்டுப் போகிறேன்.

எங்கள் குழு மிளகாய்ப் பூண்டுச் சட்னி போட்டு பாட்டிலில் விற்கிறது. முதலில் சம்பா மிளகாயில் அரைத்தோம். சுள்ளென்று நாக்கில் ஏறியது. பிள்ளைகள் தொடவே இல்லை. பிறகு ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு மாறினோம். கடையில் குண்டு மிளகாய் என்று கேட்போமே, அதுதான். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கியது. தோல் தடிமன்; காரம் மெல்ல ஏறும், வாசம் நிற்கும். எனக்குப் பிடித்தது இதுதான்.

ஒரு கடைக்காரர் மாதம் 100 பாட்டில் கேட்டார். “சிவப்பு பத்தலைம்மா, கொஞ்சம் கலர் பொடி சேருங்க” என்றார். கடன் தவணை நெருக்கிய நேரம். பாதிப் பேர் போட்டுடலாம்னு சொன்னாங்க, நானும்தான். ஒரு அக்கா, “உன் பேரப்பிள்ளை இட்லிக்கு இதை வைப்பியா?” என்று என்னைக் கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஆர்டர் கைவிட்டுப் போச்சு.

அப்புறம் கர்நாடகத்துப் பியாடகி மிளகாய் வாங்கினோம். சுருங்கிய தோல், காரம் கம்மி, நல்ல அடர் சிவப்பு. முண்டு மூணு பங்கு, பியாடகி ஒரு பங்கு; ஊறவைத்து அரைத்து, நல்லெண்ணெய் பிரியும்வரை வதக்குகிறோம். கலர் பொடி தேவையே இல்லை.

அந்த மாதத் தவணையை ஒரு மாதம் தள்ளித்தான் கட்டினோம். சந்தையில் ஒருமுறை வாங்கியவர்கள் காலி பாட்டிலோடு திரும்ப வருகிறார்கள்.