முதுமைக்கு ஒரு கைத்தாங்கல்

பள்ளிகளில் முப்பத்தைந்து ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் எங்களுக்குச் சொல்லித் தந்த பாடம் ஒன்றுண்டு. மாணவன் தானே செய்யக்கூடியதை ஆசிரியன் செய்து தரலாகாது. எழுதப் பழகும் குழந்தையின் விரலைப் பிடிக்கலாம். எழுத்து வரத் தொடங்கியதும் விட்டுவிட வேண்டும். முதியோருக்குத் துணை செய்வதற்கும் இதுவே பாடம் என்பதை மிகவும் பிந்தியே கற்றேன். அதைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன்.

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவில் எழுபத்தெட்டு வயது அம்மையார் ஒருவர் தனியே வாழ்கிறார். கணவர் இருப்புப்பாதைத் துறையில் பணியாற்றி மறைந்தவர். ஒரே மகன் பாரிசில் இருக்கிறார். பிள்ளைகளைப் பிரான்சுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் வீடுகள் நம் ஊருக்குப் புதியவை அல்ல. ஈராண்டுகளுக்கு முன் அம்மையார் குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. மகன் பறந்து வந்தார்.

“இனித் தனியே விட்டுப்போக என்னால் இயலாது, அம்மா, முதியோர் இல்லத்தில் சேர்ந்துவிடு” என்றார். “இந்த வீட்டு முருங்கையை நட்டவள் நான்; இங்கேயே இருந்துகொள்கிறேன்” என்றார் தாய். இருவர் கண்ணிலும் நீர். இருவர் பக்கமும் நியாயம். இடையில் நின்ற நான், “ஆறு திங்கள் தவணை கொடு, தம்பி, தெருவார் பார்த்துக்கொள்கிறோம்” என்று வாக்களித்துவிட்டேன்.

வாக்களித்த வேகத்திலேயே தவறும் செய்தேன். ஒரு வீட்டார் சோறு கொடுத்தனர். மற்றொரு வீட்டார் காய்கறி வாங்கி வந்தனர். மருந்து வாங்குவது என் பொறுப்பு. அம்மையார் வாசற்படியைத் தாண்டவே தேவையில்லாமற் போயிற்று. இரண்டு திங்களில் கை தேறியது, கால் தளர்ந்தது, பேச்சும் குறைந்தது. ஒருநாள் என்னை அழைத்து அவர் சொன்னார்: “ஐயா, பை தூக்கத்தான் எனக்கு ஆள் வேண்டும். கத்தரிக்காய் பொறுக்க வேண்டா. அதை நானே பொறுக்குவேன்.”

பயிற்சிப் பள்ளிப் பாடம் நினைவுக்கு வந்தது. வெட்கினேன்.

அன்றே ஒரு தாளில் இரண்டு பட்டியல் எழுதினோம். தாமே செய்யக்கூடியவை ஒரு பக்கம். துணை வேண்டுபவை மறுபக்கம். சமையல் அவருடையது, எரிவாயு உருளையை மாற்றுவதும், ஏணியேறி விளக்குப் பொருத்துவதும் தெரு இளைஞருடையவை. மணிக்கூண்டு அங்காடிக்கு அவரே நடப்பார். பையைப் பள்ளி மாணவன் ஒருவன் சுமப்பான். குளியலறையில் பிடிகம்பி பதித்து, வழுக்கும் தரையை மாற்றினோம். காலை ஏழு மணிக்குப் பின்னும் பாண்லே பால் உறை கதவிலேயே தொங்கினால், எதிர்வீட்டார் சென்று தட்டுவர். இந்த ஏற்பாட்டுக்குக் காலணாச் செலவில்லை.

தெருவால் ஆகாதவையும் உண்டு. ஆண்டுதோறும் அளிக்க வேண்டிய உயிர்வாழ்வுச் சான்றுக்காக அம்மையார் முன்பு வரிசையில் நின்றார். 2020ஆம் ஆண்டு முதல் அஞ்சற்காரரே சிறு கட்டணத்தில் வீட்டுக்கு வந்து அதைப் பதிவு செய்து தருகிறார். பிரான்சிலும் 2017 முதல் அஞ்சற்காரர் கட்டணம் பெற்றுக்கொண்டு முதியோரை வீட்டில் கண்டு நலம் விசாரித்து வருகிறார் என்று மகன் கூறினார். அண்டைத் தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ நீரிழிவு, இரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கான மாத்திரைகளை வீட்டு வாயிலிலேயே சேர்க்கிறது. முதியோருக்கெனவே 14567 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண் நாடெங்கும் உண்டு. அதை அம்மையார் வீட்டுச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியுள்ளோம்.

பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007இல் இயற்றப்பட்டது. பிள்ளைகளிடம் பராமரிப்புக் கோரும் உரிமையை அது தருகிறது என்பதைப் பலர் அறிவர். அச்சட்டத்துக்கு நடுவணரசு வகுத்த மாதிரி விதிகளைச் சிலரே அறிவர். காவல் நிலையங்கள் தம் எல்லையில் தனித்து வாழும் முதியோரின் பட்டியலை வைத்திருக்க வேண்டும். திங்களுக்கு ஒருமுறையேனும் காவலர், இயன்றவரை ஒரு தொண்டருடன், அவர்களைச் சென்று காண வேண்டும் என்று அவை கூறுகின்றன. அந்தத் தொண்டர் எங்கிருந்து வருவார்? நம்மிடமிருந்துதான் வர வேண்டும்.

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தோர் 10 கோடிக்கு மேல். அவர்கள் எல்லாரும் இறுதிவரை தம் வீட்டிலேயே இருத்தல் கூடும் என்று நான் சொல்லவில்லை. உடல் முற்றும் ஒடுங்கியவருக்கும் நினைவு தப்பியவருக்கும் இல்லம் தேவைப்படலாம், அதில் இழுக்கில்லை. ஆனால் ஒரு விளக்கை மாற்ற ஆளில்லை என்பதற்காக ஒருவர் தம் வீட்டையே விட்டுப் போவது அவருடைய முதுமையின் குற்றமன்று, நம்முடைய குற்றம்.

ஆறு திங்கள் முடிந்து மகன் வந்தார். தாயே சமைத்துப் பரிமாறினார், கத்தரிக்காய்க் குழம்புதான். இல்லத்தைப் பற்றி மகன் பேசவில்லை. புறப்படும் நாளன்று, வீட்டின் மாற்றுச் சாவியை எதிர்வீட்டாரிடம் கொடுத்துவிட்டுச் சென்றார்.

நேயர்களே, உங்கள் தெருவிலும் தனியே வாழும் முதியவர் ஒருவர் இருப்பார். நாளைக் காலை அவர் வீட்டுக்குச் செல்லுங்கள். “என்ன செய்து தர வேண்டும்?” என்று கேட்பதற்கு முன், “எதை நீங்களே செய்ய விரும்புகிறீர்கள்?” என்று கேளுங்கள். மற்றவற்றை அவரே சொல்வார்.