எங்கள் தோட்டத்தின் பெயர்

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



சென்ற ஆண்டு பதுளையில் நாங்கள் பார்த்த ஒரு நேர்காணலைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறோம். மேடையில் இரண்டு கதிரைகள். ஒன்றில் இளம் ஆசிரியை. மற்றதில் தோட்டத்து மேடைகளிலும் சில படங்களிலும் நடித்த, எண்பதைத் தாண்டிய பெரியவர். எங்கள் வகுப்பினர் ஏழு பேர் ஒரே வரிசையில் இருந்தோம்.

"எங்கே நடிக்கப் பழகினீர்கள், ஐயா?"

"காமன் கூத்துலதாம்மா. மாசியில காமன் ஊண்டுவாங்க. எனக்கு ரதி வேசம். காம்பராவுல இருந்து அம்மா சீலைய எடுத்துக் கட்டிக்குவேன்."

'காம்பரா' என்ற சொல் ஒலிவாங்கியில் கேட்டதும் எங்கள் வரிசையில் சிலர் தலை குனிந்தோம். லயத்து அறைக்கு எங்கள் வீடுகளிலும் அதுதான் பெயர். பள்ளிக்கு வந்தபின் 'அறை' என்று மாற்றிக்கொண்டோம். யாரும் மாற்றச் சொல்லவில்லை. விலாசத்தில் தோட்டத்தின் பெயரை விட்டு, 'பதுளை' என்று மட்டும் எழுதவும் நாங்களாகவே பழகினோம்.

சிவன் மன்மதனை எரித்தபின் ரதி புலம்பும் கட்டத்தை எப்படிப் பழகினார் என்று ஆசிரியை கேட்டார். "பாட்ட வாத்தியார் சொல்லிக் குடுத்தாரு. அழுகைய லயத்துல படிச்சேன். எழவு வீட்டுல பொம்பளைங்க அழுவுறதப் பாத்துக்கிட்டே நிப்பேன்" என்றார்.

பேச்சு 'புதிய காற்று' படத்துக்குத் திரும்பியது. 1975இல் வந்த அந்தப் படத்தைத் தயாரித்து நடித்தவர் வி.பி. கணேசன், இயக்கியவர் எஸ். ராமநாதன். தோட்டத் தொழிலாளர் வாழ்வைச் சொன்ன அதன் கதை வசனம் நம் ஊவாவின் தெளிவத்தை ஜோசப். தான் படிப்பித்த தோட்டத்தின் பெயரையே தன் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்டவர்.

"அவரு தோட்டத்துப் பேர முன்னால வச்சாரு. நாம கடுதாசி உறையில கூட வைக்கல" என்றார் பெரியவர். சபை சிரித்தது. எங்கள் வரிசை சிரிக்கவில்லை.

எங்களில் மருத்துவர்களானவர்களுக்கு அந்தச் சொல் கிளினிக்கிலும் கேட்டது. தோட்டத்து அம்மாமார் "மேலுக்கு முடியலீங்க" என்று வருவார்கள். நாங்கள் புத்தகத் தமிழில் கேட்போம். "வேற ஒண்ணுமில்லீங்க" என்று அடங்கிவிடுவார்கள். நேர்காணலுக்குப் பின் ஒரு நாள், மாதக்கணக்கில் இருமலோடு வந்த ஒரு பாட்டியிடம், "காம்பராவுல பொகை தங்குதா, ஆத்தா?" என்று கேட்டோம். நிமிர்ந்து பார்த்தார். "நீங்களும் தோட்டமா?" என்றார். பிறகுதான் எல்லாம் வந்தது: இஸ்தோப்பை அடைத்துப் போட்ட அடுப்பு, ஈர விறகு, மழைக்குச் சாத்திய கதவு, அங்கேயே படுக்கும் பேரப்பிள்ளை. விறகுப் புகை நுரையீரலை அரிக்கும் என்பதை நாங்கள் பரீட்சைக்குப் படித்தவர்கள். அவரிடம் அதுவரை கேட்டதில்லை.

தங்கைமாரே, உங்கள் தோட்டத்தில் ரதி வேசம் கட்டியவரும், தப்பு அடித்தவரும், ஒப்பாரி சொன்னவரும் இன்னும் இருப்பார்கள். ஒரு கதிரை போட்டு உட்கார வைத்துக் கேளுங்கள். அவர்கள் சொல்லும் சொல்லைத் திருத்தாமல் எழுதுங்கள்.

நூற்றாண்டு மலருக்குப் பெயரும் விலாசமும் கேட்டிருக்கிறார்கள். நாங்கள் ஏழு பேரும் கொடுத்துவிட்டோம். இம்முறை தோட்டத்தின் பெயரோடு.