உபகரணமும் உடைமையும்

(மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தமிழாசிரியனாகப் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒருவனை அழைத்து, "கைப்பேசி, கணினி, மருத்துவக் கருவிகள் பற்றிப் பேசுங்கள்" என்று விழாக் குழுவினர் பணித்ததற்குக் காரணம் உண்டு. புதிதாக ஒரு கருவி கடைக்கு வந்தால் அதைக் கையில் எடுத்துப் பார்க்காமல் எனக்கு உறக்கம் வாராது. "சிந்தாமணி நடத்தியவர் இப்போது செல்பேசி நடத்துகிறார்" என்று என் பழைய மாணாக்கர் கேலி செய்வர். அந்தக் கேலியை மறுக்க வழியில்லை. ஆகவே கருவிகளை வெறுப்பவனாக அன்று, அவற்றின்மீது பித்துக் கொண்டவனாகவே உங்கள் முன் நிற்கிறேன்.

கருவி என்னும் சொல்லுக்கு நம் சமயத்தில் வழங்கும் பெயர் உபகரணம். எல்லாவற்றையும் துறந்த திகம்பர முனிவர்க்கும் மூன்று உபகரணங்கள் விலக்கப்படவில்லை. உயிர்களைக் காக்க மயிற்பீலி, தூய்மைக்குக் குண்டிகை, அறிவுக்குச் சாத்திரம். சிலம்பில் மதுரை நோக்கிப் புறப்படும் கவுந்தியடிகளின் கையிலும் பீலி இருந்ததை நாம் அறிவோம். ஆடையையும் துறந்தவரிடம் இம்மூன்றும் ஏன் இருக்கலாம்? அவை உடைமை அல்ல, உபகரணம். ஓர் அறத்தைச் செய்ய உதவும் வரையில் ஒரு பொருள் உபகரணம். அதைக் கடந்து நம்மோடு ஒட்டிக்கொண்டால் அதுவே பரிக்கிரகம்.

பீலியைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அது மயிலைத் துன்புறுத்திப் பறித்ததாக இருத்தல் ஆகாது. மயில் தானே உதிர்த்த இறகாக இருத்தல் வேண்டும். உயிரைக் காக்கும் கருவிதானே என்று எண்ணி, அது வந்த வழியைக் கேளாமல் விட்டுவிடவில்லை நம் முன்னோர். எது எதற்குப் பயன்படுகிறது, எங்கிருந்து வந்தது என்னும் இரண்டு வினாக்களையும் சேர்த்தே கேட்டனர். இன்றைய கருவிகளிடம் நாம் பெரும்பாலும் முதல் வினாவை மட்டுமே கேட்கிறோம். விலையையும் கேட்கிறோம், அது வேறு.

என் கைக்கடிகாரம் தினந்தோறும் கதிரவன் மறைவதற்கு அரை மணி நேரம் முன்னதாக மணிக்கட்டில் அதிரும். நம் சென்னையில் நவம்பரில் கதிரவன் 5.40 மணியை ஒட்டி மறைகிறான். ஜூலையில் 6.40 மணி ஆகிவிடுகிறது. வந்தவாசி, செஞ்சிப் பக்கத்துச் சிற்றூர்களில் முற்றத்தில் நின்று வானத்தைப் பார்த்து உணவை முடித்தனர் நம் பெற்றோர். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பட்டறைக்குள் நிற்கும் இளைஞனுக்கு வானம் ஏது? சி.டி.எச். சாலை நெரிசலில் அவன் வீடு சேர ஏழு மணி ஆகும். கைப்பேசி சொல்லும் நேரத்தைப் பார்த்து, வண்டி நிறுத்துமிடத்திலேயே நின்றபடி உணவுப் பெட்டியைத் திறந்து உண்டு முடிக்கும் பிள்ளையை நான் அறிவேன். அவன் கையில் உள்ள கைப்பேசி உபகரணம்தான். அதே கைப்பேசியில் இரவு ஒரு மணி வரை அவன் வேறு எதைப் பார்க்கிறான் என்று என்னைக் கேளாதீர்கள்.

என் மேசை இழுப்பறையைப் பற்றியும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். உழைக்கும் நிலையில் உள்ள பழைய கைப்பேசிகள் மூன்று, கடிகாரங்கள் இரண்டு, குருதி அழுத்தம் பார்க்கும் கருவிகள் இரண்டு அதில் கிடக்கின்றன. பொருள் வரைதல் என்னும் அணுவிரதத்தைப் பற்றி வகுப்பில் பலமுறை பாடம் நடத்தியவன் நான். நிலத்துக்கும் பொன்னுக்கும் எல்லை வகுத்த எனக்கு, மின்னூட்டக் கம்பிகளுக்கும் எல்லை வகுக்க வேண்டும் என்று தோன்றவில்லை.

இனி மருத்துவக் கருவிகளுக்கு வருகிறேன். இன்று நான் பேச வந்ததே அதைத்தான்.

நீரிழிவு இல்லாத வீடு நம்மில் குறைவு. இன்சுலினை 1921இல் கனடாவின் டொரன்டோ நகரில் பாண்டிங்கும் பெஸ்டும் கண்டறிந்தனர். அதன்பின் அறுபது ஆண்டுக் காலம் உலகம் பயன்படுத்திய இன்சுலின் மாடு, பன்றி ஆகியவற்றின் கணையத்திலிருந்து எடுக்கப்பட்டது. இதைக் கேள்வியுற்று ஊசியே வேண்டாம் என்று மறுத்த முதியோரை என் இளமையில் கண்டிருக்கிறேன். கேளாமல் போட்டுக்கொண்டோரும் உண்டு. 1982இல் அமெரிக்காவில் ஒரு மாற்றம் வந்தது. மனித இன்சுலினுக்குரிய மரபணுக் கட்டளையை நுண்ணுயிரிக்குள் புகுத்தி, அதனைக் கொண்டே இன்சுலினை ஆக்கும் முறைக்கு அங்கே ஒப்புதல் கிடைத்தது. நம் நாட்டில் பெங்களூரின் பயோக்கான் நிறுவனம் ஈஸ்டு வழியாக இன்சுலின் ஆக்கி 2004இல் விற்பனைக்குக் கொண்டு வந்தது. இன்று நம் வட்டார மருந்துக் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் இவ்வகையே. ஆயினும் பழைய அச்சத்தோடு ஊசியைத் தள்ளிப்போட்டுக் கண்பார்வையையும் சிறுநீரகத்தையும் இழப்போர் இன்றும் உளர். கேட்டுத் தெளிந்திருந்தால் அந்த மறுப்புக்கு வேலையே இருந்திராது.

தையல் நூலும் அவ்வாறே. ஆட்டின் குடலிலிருந்தும் மாட்டின் குடலிலிருந்தும் செய்த கேட்கட் நூலுக்குப் பதிலாக, உடலுக்குள் தானே கரையும் செயற்கை நூல் வந்து பல்லாண்டுகள் ஆகின்றன. எக்ஸ்ரே படலத்தில் பூசிய பசையும் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுத்த ஜெலட்டின்தான். உதகையில் இயங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையின் படலங்களிலும் அதுவே இருந்தது. இன்று மருத்துவர் கணினித் திரையிலேயே எலும்பைப் பார்த்துவிடுகிறார். எவரும் அகிம்சையை எண்ணிச் செய்த மாற்றம் அன்று இது. ஆனாலும் நமக்கு நன்மையாக வாய்த்தது. மாத்திரைக் குப்பியின் ஜெலட்டின் உறை மட்டும் இன்னும் நீங்கவில்லை. தாவர உறையிட்டவையும் கிடைக்கின்றன. உணவுப் பொட்டலத்தில் உள்ள பச்சைப் புள்ளி மருந்துப் பட்டையில் இல்லாமையால், கடைக்காரரைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

என் தமக்கையாரின் கதையை அவருடைய இசைவோடு சொல்கிறேன். சிறுமியாக இருந்தபோது வந்த மூட்டுவாதக் காய்ச்சல் அவருடைய இதயத்தின் ஈரிதழ் வால்வைப் பழுதாக்கியிருந்தது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன், அவர்க்கு 59 வயதானபோது, வால்வை மாற்றியே தீர வேண்டும் என்றார் மருத்துவர். இரண்டு வகை உண்டு, இரண்டில் எதையும் வைக்கலாம் என்றும் கூறினார். ஒன்று பன்றியின் வால்வையோ மாட்டின் இதய உறையையோ பதப்படுத்திச் செய்தது. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் தேய்ந்துபோகலாம். ஆனால் குருதி உறையாமைக்கு வாழ்நாள் முழுதும் மருந்துண்ண வேண்டியதில்லை. மற்றொன்று உலோகத்தில் ஆனது. தேய்வு மிகக் குறைவு. ஆனால் நாள்தோறும் மாத்திரை, அடிக்கடி குருதிச் சோதனை, சிறு காயத்திலும் குருதிப் பெருக்குப் பற்றிய அச்சம்.

நானும் என் மைத்துனரும் வராந்தாவில் நின்று ஆயுளையும் செலவையும் கணக்கிட்டுக் கொண்டிருந்தோம். படுக்கையிலிருந்து தமக்கையார் கேட்டார்: "ஏன்டா தம்பி, உள்ளே எதை வைக்கப் போறாங்கன்னு கேட்டியா? எதிலிருந்து எடுத்ததாம்?" கருவிப் பித்தனாகிய எனக்கு அந்த வினா அதுவரை தோன்றவில்லை.

விடையைக் கேட்டதும் அவர் உலோக வால்வையே வைக்கச் சொல்லிவிட்டார். அவருக்குப் பொருத்தப்பட்டது சித்ரா வால்வு. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் டாக்டர் எம். எஸ். வலியத்தான் தலைமையில் உருவானது. முதல் மூன்று வடிவங்களும் சோதனையில் தோற்றன. நான்காவது வென்றது. 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தினர். பின்னர் டிடிகே நிறுவனம் அதனை விற்பனைக்கு ஆக்கியது. இதுவரை ஓரிலட்சத்துக்கும் மேற்பட்டோர் நெஞ்சில் அது இயங்கியிருக்கிறது. கோபால்ட்டும் குரோமியமும் கலந்த உலோகக் கூடு, உள்ளே சாய்ந்து திறந்து மூடும் பாலிஎத்திலீன் வட்டத் தட்டு, சுற்றிலும் பாலியஸ்டர் துணி வளையம், இவ்வளவே. இறக்குமதி வால்வைவிட விலையும் குறைவு. வலியத்தான் 2024இல் மறைந்தார். அச்செய்தி வந்த அன்று எங்கள் வீட்டில் அவருக்காக விளக்கேற்றினோம்.

வால்வு வந்தபின் வாழ்க்கை எளிதாயிற்று என்று சொல்லேன். மாத்திரையை இரவில் கொடுப்பது வழக்கம். தமக்கையாரோ கதிரவன் மறைந்தபின் நீரும் அருந்தாதவர். மருத்துவரிடம் சொன்னோம். தினமும் ஒரே நேரமாக இருந்தால் போதும், மாலை ஐந்துக்கே கொடுங்கள் என்றார். அடுத்து வந்தது கீரை. கீரையில் உள்ள வைட்டமின் 'கே' அம்மருந்தின் வலிமையைக் குறைக்கும். கீரையை விட வேண்டியதில்லை, அளவு மட்டும் மாறாமல் இருக்க வேண்டும். எதிர்பாராதது அட்டமி, சதுர்த்தசி நோன்பு. உண்ணாத நாட்களில் அதே மாத்திரை வலிமை மிகுந்து விடும். ஐ.என்.ஆர். என்னும் அளவு 2.5க்கும் 3.5க்கும் இடையில் இருக்க வேண்டியவர்க்கு, ஒரு நோன்பின் மறுநாள் 4.8 காட்டியது. விரல் நுனிக் குருதியால் வீட்டிலேயே அளக்கும் சிறு கருவியை நான் வாங்கி வைத்திருந்ததால் அது உடனே தெரிந்தது. நான் வாங்கியவற்றுள் எவரும் குறை சொல்லாத ஒரே கருவி அது. முழு நோன்பு ஒருபொழுது உணவாக மாறியது. இத்தகைய மருந்து உண்போர் எவரும் மருத்துவரிடம் சொல்லாமல் நோன்பு ஏற்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டு ஆண்டுகள் கழித்து வேறொன்றைத் தேடிப் படிக்கும்போது ஒரு செய்தி கண்ணில் பட்டது. இதய அறுவையின்போது குருதி உறையாதிருக்கச் செலுத்தும் ஹெப்பாரின் என்னும் மருந்து பன்றியின் குடலிலிருந்து எடுக்கப்படுவது. வால்வு உலோகமாக இருந்தாலும் அதைப் பொருத்த ஹெப்பாரின் வேண்டும். தமக்கையார்க்கும் செலுத்தியிருப்பர். இதைச் சொல்வதா, மறைப்பதா? பல வாரம் மறைத்தேன். நோயுற்றவரின் மன அமைதியைக் குலைப்பதும் இம்சைதானே என்று எனக்கு நானே நியாயம் கற்பித்துக்கொண்டேன். அது நியாயம் அன்று, கோழைமை. அவ்வாண்டுத் தீபாவளியன்று பகவானின் நிர்வாண பூசை முடிந்தபின் சொல்லிவிட்டேன்.

சற்று நேரம் பேசாமலிருந்தார். "வேற வழி இருந்துச்சா?" என்றார். இதய அறுவையில் அதற்கு ஈடாக வழக்கில் வந்த மாற்று இல்லை, செயற்கையாக ஆக்கும் முயற்சிகள் ஆய்வகங்களில் நடக்கின்றன என்றேன். "அப்போ நீ முன்னாடியே சொல்லியிருக்கலாமே. பிரதிக்கிரமணத்திலே சேர்த்துச் சொல்லியிருப்பேன்" என்றார். வருத்தமெல்லாம் நான் மறைத்த அந்த வாரங்களுக்காகவே என்பது அப்போதுதான் விளங்கிற்று.

இல்லறத்தார்க்கு முற்றாக விலக்கப்பட்டது சங்கல்ப இம்சை, அதாவது கொல்லவேண்டும் என்னும் கருத்தோடு செய்வது. வாழ்தலின் பொருட்டு நேரும் பிற இம்சைகளை இயன்ற மட்டும் குறைக்கச் சொன்னார்களே அன்றி, சிகிச்சையைத் துறந்து உயிர்விடச் சொல்லவில்லை. மாற்று உண்டா என்று கேட்பது நம் கடமை. இல்லையெனில் ஏற்றுக்கொண்டு கழிவிரக்கம் கொள்வதும் கடமையே. அறுவைக்கூட வாயிலில் படுக்கையைத் தள்ளிக்கொண்டு போகும்போது கேட்டுப் பயனில்லை. முதல் ஆலோசனையிலேயே கேளுங்கள். தொடை வழியாகக் குழாய் செலுத்திப் பொருத்தும் புதுவகை வால்வுகள் முதியோர்க்குப் பெரிதும் நலம் செய்கின்றன. அவை விலங்கின் இதய உறையால் ஆனவை. அதையும் அறிந்தே முடிவெடுங்கள். எதை முடிவு செய்தாலும் அவரை இழித்துப் பேசும் உரிமை நம்மில் எவர்க்கும் இல்லை.

அளக்கும் கருவிகளைப் பற்றி ஒரு சொல். கொரோனாக் காலத்தில் விரலில் மாட்டிய ஆக்சிமீட்டரின் தத்துவத்தை 1974இல் கண்டவர் ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அவோயாகி. அக்கருவியை உலகம் தேடி அலைந்த 2020 ஏப்ரலிலேயே அவர் மறைந்தார். கருநிறத் தோலில் அது உள்ளதைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்பதை நம் நிறத்தவர் நினைவில் வைக்க வேண்டும். எண் நன்றாக இருக்கிறது, மூச்சு திணறுகிறது என்றால் மூச்சை நம்புங்கள்.

சமந்தபத்திரர் இரத்தினகரண்டகத்தில் உணவு, மருந்து, உறைவிடம் இவற்றோடு உபகரணத்தையும் சேர்த்து நால்வகைத் தானம் கூறினார். அது முதற்கண் துறவியர்க்கு உரியது. இல்லறத்தார்க்கும் அதை விரித்துக்கொள்ளலாம் என்பது என் துணிபு. 1975இல் ஜெய்ப்பூரில் டி. ஆர். மேத்தா பகவான் மகாவீரரின் பெயரால் தொடங்கிய சமிதி, காலிழந்தோர்க்குச் செயற்கைக் கால்களை விலையின்றி வழங்கி வருகிறது. சம்மணமிட்டு அமரலாம், வெறுங்காலோடு வயலில் நடக்கலாம். அத்துணைப் பெரிய செயல் நம்மால் இயலாது. இம்மண்டபத்தில் ஒரு பேரலமாரி வைக்க இயலும். ஆக்சிஜன் செறிவூட்டி, சக்கர நாற்காலி, காற்று மெத்தை, நடைதாங்கி, நெபுலைசர் ஆகியவை ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மாதம் பயன்பட்டுப் பதினொரு மாதம் பரண்மேல் கிடக்கின்றன. அவற்றை இங்கே கொண்டு வந்து வைத்தால், வேண்டியவர் எடுத்துச் சென்று திருப்பித் தரலாம். ஒரு பதிவேடும், பழுது பார்க்கத் தெரிந்த இளைஞர் இருவரும் போதும். ஆவடித் தொழிற்சாலையில் பணியாற்றி ஓய்வுபெற்றோர் இந்த அவையிலேயே பலர் இருக்கிறீர்கள். என் இழுப்பறையிலிருந்து ஒரு குருதி அழுத்தக் கருவியைக் கையோடு கொண்டு வந்திருக்கிறேன். செயலாளர் பெற்றுக்கொள்ள வேண்டும்.

மணிக்கட்டில் கடிகாரம் அதிர்ந்துவிட்டது. அம்பத்தூரில் இன்று கதிரவன் மறைவு 6.20 மணி அளவில். உணவுக்கூடத்தில் இலை போட்டிருக்கிறார்கள். முதியோர் முன்னே செல்லுங்கள்.