கற்பிப்பவரும் கட்டிலருகே

(அறக்கட்டளையின் கல்விப் பரிசளிப்பு விழாவில், ஓய்வுபெற்ற செவிலியர் கல்லூரிப் பேராசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



என் பணிக்காலத்தைப் பற்றிப் பேசுமாறு கேட்டிருந்தீர்கள். அது பெரிய வரலாறு அன்று. ஆகவே, காலம் கடந்தேனும் என்னைத் திருத்திய ஓர் ஆசிரியையின் வரலாற்றைச் சொல்ல விழைகிறேன். அவரை நான் நேரில் கண்டதில்லை. அமெரிக்க நாட்டவர், பெயர் லொரெட்டா ஃபோர்டு.

1920-ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் பிறந்த அவர், 1941-இல் செவிலியர் பயிற்சியை முடித்தார். இரண்டாம் உலகப் போரின்போது இராணுவ விமானப் படையில் செவிலியராகப் பணியாற்றினார். பின்னர்க் கொலராடோ பல்கலைக்கழகத்தில் பயின்று, 1961-இல் கல்வியியலில் முனைவர் பட்டம் பெற்றார். ஆயினும் அவரை உருவாக்கியது பட்டங்கள் அல்ல. கொலராடோ மாநிலத்தில் பொதுச் சுகாதாரச் செவிலியராக அவர் ஆற்றிய பணியே.

அங்கே மருத்துவர் மிகத் தொலைவில் இருப்பார். காய்ச்சலில் துவளும் குழந்தையுடன் வந்து நிற்கும் தாய்க்கு எதிரே செவிலியர் மட்டுமே இருப்பார். குழந்தையைத் தொட்டுப் பார்த்து, வளர்ச்சியைக் கணித்து, இது வீட்டில் தீரும், இது மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று முடிவு சொல்ல வேண்டியவரும் அவரே. அம்முடிவைச் செவிலியர்கள் நாள்தோறும் எடுத்துக்கொண்டுதான் இருந்தனர். ஆனால் அதற்கான கல்வியை எவரும் அவர்களுக்கு அளிக்கவில்லை. அம்முடிவுக்கு உரிய மதிப்பையும் அளிக்கவில்லை.

1965-இல் ஃபோர்டு அம்மையார், ஹென்றி சில்வர் என்னும் குழந்தை மருத்துவருடன் சேர்ந்து அக்கல்வியைத் தொடங்கினார். செவிலியர்களுக்கு மேற்பயிற்சி அளித்து, குழந்தைகளை முழுமையாகப் பரிசோதிக்கவும், நலமுள்ள குழந்தையைத் தொடர்ந்து கண்காணிக்கவும், எளிய நோய்களைக் கவனிக்கவும் கற்பித்தனர். இவ்வாறு தேர்ந்தவர்களை 'நர்ஸ் பிராக்டிஷனர்' என்று அழைத்தனர். இன்று அமெரிக்காவில் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அப்பெயருடன் பணியாற்றுகின்றனர்.

மருத்துவர்கள் எதிர்த்தனர் என்றால் வியப்பில்லை. செவிலியர் பேராசிரியர்களே எதிர்த்தார்கள் என்பதுதான் நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது. "செவிலியரைக் குட்டி மருத்துவர் ஆக்குகிறீர்கள்" என்பது அவர்களின் குற்றச்சாட்டு. ஃபோர்டு அம்மையாரோ, மருத்துவர் பற்றாக்குறையை நிரப்ப ஆள் தேடியவர் அல்லர். செவிலியத் தொழிலுக்குள்ளேயே இருந்த ஆற்றலை அவர் வெளிக்கொணர்ந்தார். இவ்விரண்டும் வேறு வேறு என்பதைத் தம் வாழ்நாள் முழுதும் விளக்கிக்கொண்டே இருந்தார்.

1972-இல் ராச்செஸ்டர் பல்கலைக்கழகச் செவிலியர் பள்ளியின் முதல் டீன் ஆனார். பல்கலைக்கழக மருத்துவமனையின் செவிலியர் பணிக்கும் அவரே தலைமை ஏற்றார். பாடம் நடத்துபவர் நோயாளியையும் கவனிக்க வேண்டும், ஆய்வும் செய்ய வேண்டும். கல்லூரி ஒருபுறம், வார்டு ஒருபுறம் என்று பிரிந்து நிற்கக் கூடாது என்பதே அங்கு அவர் நிலைநாட்டிய முறை. 1986 வரை அப்பொறுப்பில் இருந்தார். 2025 ஜனவரியில் தமது 104-ஆம் வயதில் மறைந்தார்.

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பேராசிரியை ஆனபின் பல ஆண்டுகள் நான் எந்த நோயாளியையும் தொட்டதில்லை. வகுப்பு, விடைத்தாள், தேர்வுப் பணி என்று நாள்கள் கழிந்தன. ஒருநாள் மாணவியருடன் தீவிர சிகிச்சைப் பிரிவில் நின்றபோது மருந்து செலுத்தும் பம்ப் ஒலி எழுப்பியது. புதிதாக வாங்கியது. எந்தப் பொத்தானை அழுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. முந்தைய ஆண்டு என்னிடம் படித்து முடித்த பெண்தான் ஓடி வந்து, "விடுங்க மேடம், நான் பார்க்கிறேன்" என்று சரி செய்தாள். அவள் குரலில் ஏளனம் சிறிதும் இல்லை. அதுதான் என்னை அதிகம் சுட்டது.

அதன்பிறகே ஃபோர்டு அம்மையாரைப் பற்றித் தேடிப் படித்தேன். வாரத்தில் ஒருநாள் வார்டில் பணியாற்ற அனுமதி கேட்டேன். "பேராசிரியை பெட்பேன் எடுத்தால் கல்லூரிக்கு என்ன மரியாதை?" என்றார் பொறுப்பில் இருந்தவர். எழுத்தில் அனுமதி கிடைக்கவே இல்லை. வார்டு சிஸ்டர் இரக்கம் கொண்டு இடம் தந்ததால், ஓய்வு பெறும்வரை சனிக்கிழமைகளில் சென்று வந்தேன். அந்த ஆண்டுகளில் என் பாடக் குறிப்புகளில் பாதியை மாற்றி எழுத வேண்டியிருந்தது.

நம் குடும்பங்களில் பெண்ணைச் செவிலியர் படிப்புக்கு அனுப்பப் பெற்றோர் இன்றும் தயங்குகின்றனர். நைட் டூட்டி, அயலூர் விடுதி, சம்பந்தம் பேசும்போது எழும் கேள்விகள். இவை யாவும் நான் அறியாதவை அல்ல. அத்தயக்கத்தைக் கடந்து இங்கே மூன்று பெண்கள் அமர்ந்திருக்கின்றனர். அவர்கள் பொருட்டு அறக்கட்டளையாரிடம் ஒரு விண்ணப்பம்.

நம் உயர்கல்வி உதவித்தொகை விதிகளில் "இடைவெளியின்றித் தொடர்ந்து பயில்பவர்க்கு மட்டும்" என்று ஒரு வரி உள்ளது. நல்லெண்ணத்துடன் எழுதியதே. ஆனால் எம்.எஸ்சி. நர்சிங் படிப்பில் சேர, பட்டம் பெற்றபின் குறைந்தது ஓராண்டுப் பணி அனுபவம் வேண்டும். வார்டில் உழைத்த அந்த ஆண்டு நம் படிவத்தில் இடைவெளி எனக் கணக்கிடப்படுகிறது. சென்ற ஆண்டு இக்காரணத்தால் ஒரு பெண்ணின் விண்ணப்பம் திரும்பியது. நானே பரிந்துரைக் கடிதம் கொடுத்திருந்தேன். அவள் இப்போது கடன் வாங்கிப் படிக்கிறாள். அடுத்த படிவம் அச்சுக்குப் போகுமுன் அவ்வரியை மாற்றித் தருமாறு வேண்டுகிறேன். மாற்று வாசகம் ஒன்றை எழுதிச் செயலாளரிடம் கொடுத்துள்ளேன்.