பரம்பரை வலிப்பும் சுண்டெலி தந்த பாடமும்



வெள்ளாற்றங்கரை லப்பைக்குடிக்காட்டில் வெள்ளி விழாக் காணும் நாம் ஒரு நோயைப் பற்றிப் பேசுவானேன் எனச் சிலர் எண்ணலாம். வலிப்பு கண்ட பிள்ளையைப் பள்ளியினின்று நிறுத்திவிடும் வழக்கம் இன்னும் முற்றாக ஒழியவில்லை. கல்விக் கழகத்திற்கு இதனினும் நெருங்கிய பொருள் வேறு யாது?

வலிப்பு பலவகை. அவற்றுள் அரியதும் கொடியதுமானது லஃபோரா நோய். 1911இல் ஸ்பெயின் நாட்டு மருத்துவர் லஃபோரா இதனை விளக்கினார். நலமாகப் படித்துவந்த சிறுவர் சிறுமியர், பெரும்பாலும் பத்து வயதுக்குப் பின், வலிப்புக்கு ஆளாகி, நினைவும் நடையும் குன்றி, சில ஆண்டுகளில் மடிகின்றனர்.

1998இல் இதற்குரிய மரபணுக்களுள் ஒன்று கண்டறியப்பட்டது. ஆயினும், அதன் குறை மூளையில் என்ன செய்கிறது? உயிரோடிருக்கும் குழந்தையின் மூளையை அறுத்துப் பார்க்க இயலாது. அதே மரபணு சுண்டெலிக்கும் உண்டு. ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிலையத்தில், பின்னர் கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியரான சுப்பிரமணியம் கணேஷ் உள்ளிட்ட அறிஞர்கள், அம்மரபணுவை நீக்கிய சுண்டெலிகளை உருவாக்கி, 2002இல் முடிவுகளை வெளியிட்டனர். சர்க்கரைச் சேமிப்பான கிளைக்கோஜன் சீர்கெட்டு, மூளை உயிரணுக்களில் உருண்டைகளாகத் திரண்டது. வலிப்பும் தள்ளாட்டமும் தோன்றின. 2011இல் டொரண்டோ ஆய்வாளர் கிளைக்கோஜன் உற்பத்தியைக் குறைத்தபோது, சுண்டெலிகளில் அவ்வுருண்டைகள் ஏறக்குறைய மறைந்தன, வலிப்பும் நீங்கியது. எலிக்கு உதவியது மனிதர்க்கு மருந்தாகிவிடவில்லை. ஆயினும் வழி புலப்பட்டது.

நாம் பெறும் பாடம் என்ன? பேயுமன்று, சாபமுமன்று, முன்வினையுமன்று. ஒரு மரபணுவின் பழுதே காரணம். அவ்வெலி எப்பிறவியில் என்ன பாவம் செய்தது? தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதுற்ற மரபணு வந்தால்தான் இந்நோய் தோன்றும். பெற்றோரோ நலமாகவே இருப்பர். எனவே தாயை மட்டும் பழித்தல் அறியாமை. தாய்மாமன், அத்தை மகன் என நெருங்கிய உறவில் மணம் முடிக்கும்போது இத்தகைய நோய்களுக்கு வாய்ப்பு மிகுகிறது. இளைஞர்களே, இதனைச் சிந்தியுங்கள்.

எல்லா வலிப்பும் லஃபோரா அன்று. தக்க மருந்தை முறையாக உட்கொண்டால், வலிப்புற்றோருள் 100க்கு 70 பேர் வரை வலிப்பின்றி வாழலாம் என உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகிறது. கையில் இரும்பைத் திணிக்காதீர். வாயில் எதனையும் வைக்காதீர். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இந்துத் திருமணச் சட்டத்தில் மணத்திற்குத் தடையாயிருந்த வலிப்பு நோய் 1999இல் நீக்கப்பட்டது. சட்டம் திருந்தியபின் நம் மனம் திருந்த வேண்டாமா?

பிறப்பைக் காட்டி நம்மை ஒதுக்கினர். அக்கொடுமையை எதிர்த்தே நாம் கல்வியைக் கையில் எடுத்தோம். பிறப்போடு வந்த நோயைக் காட்டி நாமே ஒரு குழந்தையை ஒதுக்கலாமா? அக்குழந்தைக்கும் வகுப்பறையில் இடமளிப்போம்.