மறதி மாத்திரையும் ராத்திரி கால் வலியும்

வீட்டுல யாராவது டிமென்ஷியாவுக்கு டோனெபெசில் சாப்பிடறாங்கன்னா, இந்த எபிசோட் உங்களுக்குத்தான்.

முதல்ல அந்த மாத்திரை என்ன செய்யுதுன்னு பாக்கலாம். மூளையில நரம்புகளுக்கு நடுவுல செய்தி கொண்டு போற வேதிப்பொருள் அசிட்டைல்கோலின். அல்சைமர்ல அது குறைஞ்சிடுது. மிச்சம் இருக்கிறதை உடைக்கிற நொதியை டோனெபெசில் தடுக்குது. நோய் குணமாகாது. சிலருக்குக் கொஞ்ச காலம் ஞாபகமும் அன்றாட வேலையும் பரவாயில்லாம இருக்கும், அவ்வளவுதான்.

சிக்கல் என்னன்னா, அசிட்டைல்கோலினுக்கு வயிறு, இதயம், சிறுநீர்ப்பை, தசை எல்லாத்துலயும் வேலை இருக்கு. அதனாலதான் குமட்டல், வயித்துப்போக்கு, எடை குறையறது, நாடித்துடிப்பு குறைஞ்சு மயக்கம், கெட்ட கனவு, கெண்டைக்கால் சதை பிடிச்சு இழுக்கிறதுன்னு பக்கவிளைவுகள் வருது.

எங்க பாட்டிக்கு டோஸ் 5 மில்லிகிராம்ல இருந்து 10 ஆச்சு. அப்புறம் ராத்திரி முழுக்க முனகல். காலைத் தொட்டா நம்ம கையைத் தட்டிவிடுவாங்க. "வலிக்குது"ன்னு சொல்ல அவங்களுக்கு வார்த்தை வரல. நோய் முத்திடுச்சு, தூக்க மாத்திரை கேளுங்கன்னு சொந்தக்காரங்க சொன்னாங்க. அம்மா காலண்டர்ல டோஸ் மாறின தேதியையும் முனகல் ஆரம்பிச்ச தேதியையும் குறிச்சு வச்சிருந்தாங்க. டாக்டர் அதைப் பாத்துட்டு டோஸைத் திரும்ப 5க்கு இறக்கினார். ரெண்டு வாரத்துல பாட்டி தூங்க ஆரம்பிச்சாங்க. பேரு மறக்கறது முன்னைவிடக் கொஞ்சம் கூடியிருக்கு. அது தெரிஞ்சுதான் வீட்டுல எல்லாரும் ஒத்துக்கிட்டோம்.

இன்னொரு விஷயம். ஒரு பக்கை மறைக்க இன்னொரு பேட்ச் போடுவோம்ல? மருந்துலயும் அது நடக்கும். டோனெபெசிலால சிலருக்குச் சிறுநீரை அடக்க முடியாது. அதுக்கு ஆக்ஸிபியூட்டினின் கொடுத்தா, அது அசிட்டைல்கோலின் வேலையையே தடுக்கிற மருந்து. ஆக்ஸிலரேட்டரையும் பிரேக்கையும் ஒண்ணா மிதிக்கிற கதை. மறதி இன்னும் கூடலாம். கடையில வாங்குற சில சளி, அலர்ஜி மாத்திரையும் இதே ரகம்.

அதனால எல்லா மாத்திரை பேரையும் ஒரே தாள்ல எழுதுங்க. டோஸ் மாறின தேதியும் அதுல இருக்கட்டும். பேச முடியாதவங்களுக்கு முகச்சுளிப்பு, முனகல், சாப்பாட்டைத் தள்ளிவிடறது எல்லாமே வலியைச் சொல்ற பாஷையா இருக்கலாம். மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க. மயங்கி விழுந்தா மட்டும் காத்திருக்காம உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க.

இந்த வாரம் வீட்டுக்குப் போன் பண்ணா, "மாத்திரை போட்டாச்சா"ன்னு கேக்கறதோட நிறுத்தாம, "ராத்திரி தூங்கினாங்களா"ன்னும் கேளுங்க. அடுத்த எபிசோட்ல பாப்போம்.